ஆம்ப்ளிஃபயர் சேர்த்துவைத்த ஜோடி

டிவியில் கதாநாயகன் பேசி முடித்து, கதாநாயகி வாயைத் திறந்த பிறகுதான் அவன் குரல் வந்தது.

"நல்லா இருக்கே! அவன் வசனத்தை இவ பேசுறா," என்றாள் மனைவி. "பெரிய டிவி வாங்கினோமே, கூடவே ஸ்பீக்கர் செட்டும் வாங்கியிருந்தா என்னவாம்?"

"ஆம்ப்ளிஃபயர் கையில இருக்கும்போது எதுக்கு?"

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் தரையில் மண்டியிட்டிருந்தார். எதிரே, முதல் சம்பளத்தில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். வெள்ளி முகப்பு, உள்ளே மஞ்சள் விளக்கு, சத்தத்துக்கேற்ப ஆடும் இரண்டு முட்கள். பரணிலிருந்து இறக்கியபோதே மனைவி கெடு வைத்துவிட்டாள்: சாயங்காலத்துக்குள் படம் ஒழுங்காகக் கேட்காவிட்டால் பழைய சாமான் கடைக்கு.

"உனக்கு எப்படி மனசு வருது? இது இல்லைன்னா நமக்குக் கல்யாணமே ஆகியிருக்காது!"

"அதனாலதான் போட்டுடலாம்னு சொல்றேன்."

சோபாவில் கால் நீட்டியிருந்த மச்சான் சிரிப்பை மென்று விழுங்கினான்.

புது டிவியில் பழைய ஒயருக்குத் துளையே இல்லை. நடுவில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டியதில்தான் குரல் பிந்தியது. பெட்டியைக் கழற்றி, ஹெட்ஃபோன் துளையில் ஒயரைச் செருகினார். குரல் உதட்டோடு ஒட்டியது. கூடவே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் வந்து குடியேறியது.

"படம் ஃபேக்டரியிலயா நடக்குது, அத்தான்?"

பிளக்கை இடம் மாற்றினார். இரைச்சல் போனது, ஒரு பக்க ஸ்பீக்கரும் சேர்ந்து போனது. சத்தம் கூட்டும் குமிழில் தூசி அடைத்திருக்கும் என்று, கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருக்கும் திருப்புளியால் நெம்பினார்.

இரண்டு பக்கமும் உயிர் வந்தது, முழுச் சத்தத்தில். குமிழ் கையோடு வந்துவிட்டது.

படத்தில் பாட்டு ஆரம்பித்தது. ஜன்னல் அதிர்ந்தது, முட்கள் துள்ளின. சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோனது. கல்யாணத்துக்கு முந்தைய வாடகை அறையின் மாலை வெயிலில் நின்றுகொண்டிருந்தார். இங்கே பாட்டு போட்டதும் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். அவள் வந்து நின்று கூடவே பாடுவாள். குரல் எட்டாது, உதட்டசைவு மட்டும் தெரியும்.

நிமிர்ந்தார். சமையலறை வாசலில் அதே பெண், கொஞ்சம் நரையோடு. அதே உதட்டசைவு.

"மச்சான், பாரு! இத்தனை வருஷமாகியும் அடி மறக்காம பாடுறா!" அவர் கண் கலங்கிவிட்டது.

மச்சான் எழுந்து பிளக்கைப் பிடுங்கினான். திடீர் அமைதியில் மனைவியின் குரல் தனியாக வந்து விழுந்தது: "...குறைச்சுத் தொலைங்களேன்!"

"அன்னைக்கும் இதையேதான் கத்தினா, அத்தான்," என்றான் மச்சான். "மாப்பிள்ளை ஆக்கிட்டாலாவது எங்க பேச்சு உங்க காதுல விழும்னுதான் அப்பா பொண்ணே குடுத்தார்."