ஒரு நாற்காலிக்கு மூன்று கொட்டேஷன்

அன்பும் மரியாதையும் கலந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். உங்கள் அத்தை முக்கால்வாசி சௌக்கியம், மீதி அந்த முழங்காலில் நிற்கிறது. நீங்களும் மகளும் அங்கே குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும். தவிர, ஆலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். வாயால் சொன்ன புகாரை நானே ஒரு நாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

விஷயம் நாற்காலிதான். அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதமாகியும் அத்தையால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. உயரமாக, பிடித்து எழக் கை வைத்த நாற்காலி வேண்டும் என்று பயிற்சி கொடுக்க வரும் பெண் சொல்லிவிட்டார். கடைகளில் இருப்பதெல்லாம் உட்கார்ந்தால் ஆளை விழுங்கும் சோபாக்கள். அதனால் அவள் கட்டில் ஓரத்திலேயே கிடக்கிறாள். எழ வேண்டுமானால் "என்னங்க" என்று கூப்பிட வேண்டும், நான் போய் இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டும். எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. அவளுக்குத்தான் கூச்சம். எத்தனை தடவை கூப்பிடுவது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். அது எனக்குத் தெரியவந்த அன்றுதான் உங்களிடம் யோசனை கேட்டேன். நீங்களும் அந்த ஏலத் தளத்தை என் போனில் ஏற்றி, ஐந்து விதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

விதிகளைக் குறை சொல்லவில்லை. விற்பவரைப் பற்றி முன்னால் வாங்கியவர்கள் சொன்னதைப் பாருங்கள், விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள், உச்ச விலையை முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள், தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், அனுப்பும் கூலியையும் கணக்கில் சேருங்கள். எல்லாம் சரி. ஆனால் ஒரு நாற்காலி வேண்டுமென்றால் ஒன்றுக்கு மட்டும் ஏலம் கேளுங்கள் என்று ஆறாவதாக ஒரு விதியை நீங்கள் எழுதவில்லையே. ஆலைக்கு ஒரு துடைப்பம்கூட மூன்று கொட்டேஷன் இல்லாமல் நான் வாங்கியதில்லை. அந்தப் பழக்கத்தில் மூன்று நாற்காலிகளுக்குத் தொகை போட்டு வைத்தேன், மூன்று பேரும் பதில் அனுப்புவார்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்ற இருவருக்கும் வருத்தம் தெரிவித்து எழுதலாம் என்று. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் "வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்" என்று மூன்று தடவை வந்தது. ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்று அத்தையிடம் போய்ச் சொன்னேன். "உங்களுக்கா, பரிசா? நல்லாப் படிச்சுப் பாருங்க" என்றாள். படித்தேன். மூன்றையும் நான் வாங்கியிருந்தேன்.

முதல் நாற்காலியை விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. இருநூறு பேர் அவரைப் பாராட்டி எழுதியிருந்தார்கள், நாற்காலியும் சொன்ன தேதியில் வந்தது. மேலே பூப்போட்ட மெத்தை. அத்தையை உட்கார வைப்பதற்கு முன்னால் சரக்கைப் பரிசோதிப்பது முறையல்லவா, நானே உட்கார்ந்தேன். மெத்தையோடு உள்ளே போய்விட்டேன். "சட்டம் மட்டும், அடியில் பலகை கிடையாது, நீங்களே போட்டுக்கொள்ளவும்" என்று கடைசி வரியில் அந்த அம்மா ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். நான் கடைசிக்கு முந்தின வரியோடு நிறுத்தியிருக்கிறேன். இடுப்பு மாட்டிக்கொண்டது, முட்டி இரண்டும் முகவாய்க்குப் பக்கத்தில். உள்ளறையிலிருந்து அத்தை "என்னங்க சத்தம்?" என்கிறாள். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் வந்து தூக்கிவிடு" என்கிறேன். "நான் வரணும்னா நீங்க வந்து என்னைத் தூக்கணும்" என்கிறாள். இப்படியே கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். திறந்து கிடந்த கதவு வழியாக மாடி வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்து, இரண்டு அறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முதல்ல யாரைத் தூக்கணும்?" என்று கேட்டார். என்னைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் என்னைத்தான் சொன்னேன்.

இரண்டாவது ஆள் மகா கெட்டிக்காரன். "தளத்துக்கு எதுக்கு சார் கமிஷன், நேரா என் நம்பருக்கு அனுப்பிடுங்க, பாதி விலைக்கே தர்றேன்" என்று செய்தி அனுப்பினான். உங்கள் நான்காவது விதி அப்போது என் கண் முன்னால்தான் இருந்தது. பாதி விலை என்றதும் அதன்மேல் தம்ளரை வைத்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் பில் இல்லாமல் எனக்குக் கை ஓடாது. முத்திரையும் கையெழுத்தும் போட்ட ரசீது மூன்று பிரதிகள், இதற்கு முன் யாருக்கு நாற்காலி விற்றார் என்ற பட்டியல், அவர்களில் இருவரிடமிருந்து நற்சான்று, இவை கிடைத்ததும் பணம் அனுப்பப்படும் என்று எழுதினேன். பிறகு "சார், நீங்க யாரு?" என்று கேட்டான். அதற்கப்புறம் அந்தக் கணக்கையே காணோம். தையல்காரம்மா சொல்லித்தான் அது மோசடி என்று எனக்குப் புரிந்தது, நானும் தளத்துக்குப் புகார் எழுதிப் போட்டேன். ஒரு திருடனையே வேலையை விட்டு ஓட வைத்திருக்கிறீர்களே என்று அவர் மெச்சிக்கொண்டார்.

மூன்றாவதுதான் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. "உயரம் கூட்டிக் குறைக்கலாம், கைப்பிடி உண்டு, இருபது வருடமாகத் தினமும் ஐம்பது பேர் உட்கார்ந்து எழுந்தது, ஒருவரும் குறை சொன்னதில்லை" என்று போட்டிருந்தது. இவ்வளவு பெரிய குடும்பமா என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, வேறெதுவும் தோன்றவில்லை. படத்தில் இருக்கை மட்டும்தான் தெரிந்தது. ஏலம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது "கத்திரி" என்ற பெயரில் ஒருத்தர் என்னை மிஞ்சிக் கேட்டார். நான் கேட்டேன், அவர் கேட்டார். உச்ச விலையை எழுதி வைக்கச் சொன்னீர்கள், எழுதித்தான் வைத்திருந்தேன். பென்சிலால் எழுதியிருந்தேன். மூன்று தடவை அழித்துவிட்டேன். அவளுக்காகக் கேட்கிற நாற்காலியை இன்னொருத்தன் கொண்டுபோவதா என்று ஒரு வேகம் வந்துவிட்டது, மாப்பிள்ளை. வந்து இறங்கியது சலூன் நாற்காலி. இரும்பு. நான்கு பேர் சேர்ந்து தூக்கி வந்து முன்னறையின் நட்ட நடுவில் வைத்தார்கள், இனி அதை நகர்த்த அந்த நான்கு பேர்தான் வர வேண்டும். அனுப்பும் கூலியை எழுதவே கை கூசுகிறது. அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. "கண்ணாடி தனியா வருமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குத் திட்டியிருக்கலாம். நேற்று எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போகிறார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டியோடு வந்து அந்த இரும்பை எடுத்துக்கொண்டு போங்கள். தளத்தில் விற்பனைக்குப் போட்டுவிடுங்கள், முழுப் படமும் போடுங்கள். ஏலம் என்ற சொல்லை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள். அத்தைக்கு ஒரு நாற்காலி வாங்கித் தரத் துப்பில்லாதவனாகிவிட்டேனே என்பதுதான் மனதைக் குடைகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

நீங்களும் மகளும் நோய்நொடி இல்லாமல், அடியில் பலகை உள்ள ஆசனங்களில் நூறாண்டு வீற்றிருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: உறையை எடுக்கத் திரும்பியபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து கடிதத்தை எடுத்துக்கொண்டது. "இவ்வளவு எழுதியிருக்கீங்களே, அந்த இரும்பு நாற்காலி வேண்டாம்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்றாள். முழுதும் படித்து முடித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் நின்றுகொண்டிருந்தாள். யாரும் தூக்கவில்லை. காலையில் நான் சமையலறையில் இதை எழுத உட்கார்ந்த பிறகு அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது தையல்காரம்மா, கால் வைக்கிற தட்டை மடக்கிவிட்டதும் அவர்தானாம். பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை இவள் ஏழெட்டுத் தடவை அடித்திருக்கிறாள், நாற்காலி மேலே ஏறி ஏறி இவளைத் தரையில் நிற்க வைத்துவிட்டது. நான் அழுதுவிட்டேன், மாப்பிள்ளை. அதற்கு அவள் திட்டினாள். வண்டி வேண்டாம். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். இதை அவளிடமே காட்டிவிட்டு ஒட்டலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. அவள் இப்போது எந்த அறையில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு மாதத்தில் இதுதான் முதல் தடவை.