ஒரு வாரம் பிரியாத லோஷன்

பாட்டிலுக்குள் எண்ணெய் மேலேயும் தண்ணீர் கீழேயுமாக, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்றன.

"என்ன, உன் லோஷன் தனிக்குடித்தனம் போயிடுச்சா?" என்றார் கணவர். லோஷன் கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரி அவர்.

அவர் ஃபேக்டரியிலிருந்து கொண்டுவரும் லோஷனைத் தடவினால் கை அரிக்கிறது என்று அவள் சொல்லப்போய் வந்த வினை இது. ஒரு வாரம் பிரியாமல், உடம்பில் அரிக்காமல் இருக்கிற லோஷனை வீட்டிலேயே செய்து காட்டு, எங்கள் லேபில் வைத்தே உன்னை மெச்சுகிறேன் என்றிருந்தார். தோற்றால் அவர் வேலையைப் பற்றி ஆயுசுக்கும் அவள் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பட்டினி கிடக்கச் சொல்லியிருக்கலாம்.

சேர்த்துப் பிடிக்கட்டும் என்று தேன்மெழுகை உருக்கிப் போட்டாள். லோஷன் மெழுகுவர்த்தியாகி, கரண்டியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. இளக்குவதற்காகக் கற்றாழைச் சாற்றை ஊற்றி மிக்ஸியில் அடித்தாள். வெண்ணெய் மாதிரி திரண்டு வந்தது. அவளுக்கே கண்பட்டுவிடும் போலிருந்தது. வாரம் முடிவதற்குள் அதன்மேல் பூசணம் பூத்துவிட்டது.

"மீசை முளைச்சிருக்கே. என் வழுக்கைக்குத் தடவிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார் கணவர்.

அன்றே அவள் தெருமுனைக் கடைக்குப் போய், அவர் கம்பெனி லோஷனையே வாங்கி வந்தாள். மனசாட்சி கொஞ்சம் முனகியது. அதைத் தலையில் தட்டி உட்காரவைத்துவிட்டு, ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து வாசனைக்கு இரண்டு சொட்டு விட்டு, கண்ணாடி ஜாடியில் நிரப்பினாள். அரிக்காவிட்டால் பந்தயம் அவளுக்கு, அரித்தால் அது அவர் சரக்கின் லட்சணம். அவர் சரக்கை அவரே தடவிக்கொண்டு தோற்கட்டும்.

வாரம் ஓடியது. பிரியவில்லை, பூக்கவில்லை. கணவர் முழங்கைவரை தடவிப் பார்த்தார். அரிக்கவும் இல்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஜாடியை லேபுக்கு எடுத்துப் போனார்.

சாயங்காலம் மேனேஜரோடு வந்து நின்றார். மாட்டிக்கொண்டோம் என்று தீர்மானித்துவிட்டாள்.

மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். "நாங்களும் வருஷக்கணக்கா முட்டி மோதுறோம்மா. எங்க சரக்கு இப்படிப் பிரியாம, அரிக்காம நிக்க மாட்டேங்குது. நாளைக்கு எங்க முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டணும்."

"அதெல்லாம் செஞ்சிடுவா சார்," என்றார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலில் அவள் கேட்டே இராத பெருமை.

அவர்கள் லோஷனை அவர்களுக்கே அடையாளம் தெரியவில்லையா? இருவரையும் டீ குடிக்க உட்காரவைத்துவிட்டு, பின்வாசல் வழியாகக் கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, போன வாரம் குடுத்தீங்களே, அந்த லோஷன். அதுல உண்மையிலேயே என்னதான் இருக்கு?"

கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிடாதீங்கம்மா. ஒரிஜினலை வாங்கினவங்க எல்லாம் அரிக்குதுன்னு திருப்பிக் கொண்டாந்துடறாங்க. அதான் அந்த பாட்டில்லயே, என் பொண்டாட்டி வீட்ல காய்ச்சுறதை ஊத்தி விக்கிறேன்."