கிரேக்கத் தீவில் ஓர் ஆடி அமாவாசை

எல்லா நடைமுறையும் தெரிந்த ஒருவரோடு பயணம் போவதைப் போல ஆபத்து வேறில்லை. ஒன்றும் தெரியாதவன் நாலு பேரிடம் கேட்பான். தெரிந்தவன் ஒருவரையும் கேட்கமாட்டான். என் மனைவி சரோஜினி அப்படி எல்லாம் தெரிந்த ஒருவரோடு கிரேக்கத் தீவு ஒன்றுக்குப் போய் வந்தாள். அந்த ஒருவர் நான்.

தீவின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே என்னைத் தெரிந்தவர்கள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள்.

நான் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். ஓய்வு பெற்றதும் செய்த முதல் வேலை, மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் இருக்கும் மகள் அபிராமியின் வீட்டுக்குப் போய், அவள் குளிர்சாதனப் பெட்டியை அடுக்கியிருக்கும் முறையில் உள்ள பிழைகளைச் சுட்டிக்காட்டியது. (மருமகன் அன்றிலிருந்து அதிக நேரம் வேலை செய்யத் தொடங்கினார். நல்ல பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன்.) கடைசியில் அபிராமி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கையாவது போங்கோ. தூரமாப் போங்கோ.”

சரோஜினியின் முகம் மலர்ந்ததை அன்றுதான் கவனித்தேன். நாங்கள் ஊரூராகப் போகாதவர்கள் அல்ல. லண்டன், பாரிஸ், ரொறன்ரோ எல்லாம் போயிருக்கிறோம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கலியாண வீட்டுக்கு அல்லது செத்த வீட்டுக்கு. ஒருவரும் தாலி கட்டாமல், ஒருவரும் சாகாமல், சும்மா சந்தோசத்துக்குப் போவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. “இதையாவது கெடுக்காமல் இருங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று ஆராய்ச்சியில் இறங்கினேன். இணையத்தில் பயணிகள் எழுதிய குறைகளை வாசித்து ஊர்களைக் கழித்துக்கொண்டே வந்தேன். ஒருவர் மெத்தை கடினம் என்றிருந்தார். அந்தத் தீவு கழிந்தது. இன்னொருவர் சேவல் கூவியது என்றிருந்தார், அதுவும் கழிந்தது. தீவுகள் முடியும் தறுவாயில் மனோலிஸ் குறுக்கிட்டான்.

மனோலிஸ் கிரேக்கன். நாங்கள் மொன்றியலுக்கு வந்த புதிதில் பார்க் எக்ஸ்டென்ஷனில் அவன் வீட்டு மேல்மாடியில்தான் வாடகைக்கு இருந்தோம். இன்றும் சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையில் இருவரும் சேர்ந்து தக்காளி வியாபாரிகளின் பொறுமையைச் சோதிப்போம். நாங்கள் பேசுவது பிரெஞ்சில். ஆனால் மேல்மாடித் தமிழைக் கேட்டுக் கேட்டு, என்னை அவன் கூப்பிடுவது ‘அண்ணை’ என்றுதான்.

“அண்ணை, அந்தக் கணினியை மூடு. என்ரை ஊரிலை தங்கிறதுக்கு ஒரு இடம், சாப்பிடுறதுக்கு ஒரு இடம். ரெண்டும் என்ரை தங்கச்சி” என்றான். (அவன் பிரெஞ்சை நான் யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன். அவன் குணத்துக்கு அதுதான் பொருந்தும்.)

தங்கையின் பெயர் இரினி. மொன்றியலில் தையல் தொழிற்சாலையில் பல வருடங்கள் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். கடற்கரையில் கீழே உணவுக்கடை, மேலே அறைகள். ஓகஸ்ட் நடுப்பகுதியில் மாதா பெருநாளுக்கு ஏதென்சில் இருக்கிற ஊர்க்காரர் எல்லோரும் வந்து இறங்குவார்களாம். தீவில் பாய் போடவும் இடம் இருக்காதாம். அப்படியிருந்தும், அண்ணன் சொன்ன ஒரு சொல்லுக்காகச் சொந்த மச்சாள் குடும்பத்தை அயல்வீட்டு மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு எங்களுக்கு அறை ஒதுக்கினாள்.

அந்த ஊரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியவில்லை என்பதே எனக்குக் குறையாக இருந்தது. அறைச் சன்னலைத் திறந்தால் கடல். கீழே மரநிழலில் நீலக் கதிரைகள். கயிற்றில் கணவாய்க்குச் சொந்தக்காரர் போன்ற எட்டுக் கால் பிராணிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மாதா பெருநாளுக்கு முன் அவர்களுக்கு விரதம். இறைச்சி இல்லை, பால் இல்லை, அந்த எட்டுக் கால்களுக்கு மட்டும் தடை இல்லை. சரோஜினிக்கோ ஆடி மாதம், மரக்கறி மட்டும். இரினி வெண்டிக்காயைத் தக்காளியில் வதக்கி வைத்தாள். பயறு வகைகளைச் சட்டியில் இட்டு அடுப்பில் வேகவிட்டாள்.

“இஞ்சருங்கோ, எங்கட கீரையைத்தான் அவிச்சுத் தேசிக்காய்ப் புளி விட்டிருக்கிறா” என்றாள் சரோஜினி, கண்கள் விரிய. இரண்டாம் நாளே இருவரும் சமையலறைக்குள் அருகருகே நின்று எதையோ நறுக்கினார்கள். சரோஜினியின் சிரிப்பு மேலே எனக்குக் கேட்டது. அத்தோடு ஊர் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திராது.

பெருநாளுக்கு ஓரிரு நாள் முன்னதாக ஆடி அமாவாசை வந்தது. தகப்பன் இல்லாதவன் தீர்த்தமாடி, எள்ளும் தண்ணீரும் இறைக்கவேண்டிய நாள். நான் எள்ளை மொன்றியலிலிருந்தே கட்டிக்கொண்டு போயிருந்தேன். (நடைமுறை தெரிந்தவன்.) காலையில் வேட்டியோடு கடலில் முழுகினேன். அதோடு போதும் என்றாள் சரோஜினி. அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது.

கடலோரத்தில் வெள்ளை அடித்த சின்னக் கோயில். அதை ஒட்டிக் கற்கட்டடம். பாதி திறந்த கதவு. உள்ளே கற்படிகள் இறங்கிப்போக, அடியில் கண்ணாடிபோல் தண்ணீர். தொட்டு நாக்கில் வைத்தேன். நல்ல தண்ணீர்!

கோயில், பக்கத்தில் கடல், கடலுக்குப் பக்கத்தில் நன்னீர்க் கேணி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஆடி அமாவாசைக்குக் கடலோரக் கேணியில் முழுகி வளர்ந்த எவனுக்கும் இதைப் பார்த்தால் ஒரே ஒரு எண்ணம்தான் வரும்.

“சரோ, இது இவையின்ரை கீரிமலை!”

“கேட்டுப்போட்டு இறங்குங்கோ.”

“ஆரைக் கேக்கிறது? ஒரு அறிவித்தல் பலகையும் இல்லை. பலகை இல்லாட்டித் தடையும் இல்லை.”

“கதவு போட்டுக் கிடக்கே?”

“பூட்டு இல்லையே. இஞ்சை பாரும், குளிக்கிறவைக்கு எண்டு சங்கிலியிலை குவளை கூடக் கட்டி வைச்சிருக்கினம். எவ்வளவு நாகரிகமான சனம்!”

“உங்களுக்கு விசர்” என்று சொல்லிவிட்டு அவள் வெளியிலேயே நின்றாள்.

இறங்கினேன். தண்ணீர் மார்பளவு இருந்தது. குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது. மூச்சைப் பிடித்து முழுகி எழுந்தேன். ஐயாவை நினைத்து எள்ளை இறைத்தேன். பிறகு, உப்புப் பிசுபிசுப்புப் போகவேண்டுமே என்று, சந்தன சோப்பை எடுத்துத் தலையிலிருந்து தொடங்கினேன். (ஊரில் என்றால் தீர்த்தக் கேணியில் சோப்புப் போட்டவுடன் யாராவது கத்துவார்கள். இங்கே கத்த ஒருவரும் இல்லை. அதையும் நாகரிகம் என்றே எடுத்துக்கொண்டேன்.)

வாசலில் நிழல் விழுந்தது. நீண்ட கறுப்பு அங்கி, நீண்ட தாடி, கையில் பெரிய பிளாஸ்டிக் கொள்கலன். ஊர்ப் பாதிரியார். நான் நுரையோடு கைகூப்பினேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். ‘ஒரு பக்தனை இன்னொரு பக்தன் உணர்ந்துகொள்கிறான்’ என்று நெகிழ்ந்துபோனேன். அவர் கையிலிருந்து கொள்கலன் நழுவி, படிகளில் உருண்டு, மிதந்து மிதந்து என்னிடம் வந்தது. வயதானவர், பாவம். அதை மரியாதையாக நிரப்பி, அதன் வாயில் ஒட்டியிருந்த எள்ளைத் துடைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்.

ஊர் முழுக்க வந்தது. முன்னால் மாக் கையோடு இரினி. உள்ளே எட்டிப் பார்த்தவளின் வாயிலிருந்து, மொன்றியல் தையல் தொழிற்சாலையில் கற்ற கியூபெக் வசைகள் வரிசையாக வந்தன. கியூபெக்கில் கோபம் வந்தால் பலிபீடம், நற்கருணைப் பாத்திரம் என்று கோயில் சாமான்களின் பெயர்களைச் சொல்லித்தான் திட்டுவார்கள். பாதிரியாருக்குப் பிரெஞ்சு தெரியாதது அன்று கடவுள் செய்த ஒரே உதவி.

“அது ஊர் குடிக்கிற தண்ணி!” என்றாள் இரினி. “குழாயிலை வாறது உப்பு. மாரி மழையைச் சேர்த்து வைச்சு, கோடை முழுக்க இதைத்தான் குடிக்கிறம். பெருநாள் சமையலும் இதிலைதான்!”

நான் இவ்வளவு நேரமும் தள்ளிப்போட்ட ஒரு தகவலை இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். ஓய்வு பெறும்வரை நான் மொன்றியலில் பார்த்த உத்தியோகம், குடிநீர்ப் பாதுகாப்பு. கிணறு, தாங்கி, குழாய் எதில் அசுத்தம் கலந்தாலும் கோப்பு என் மேசைக்குத்தான் வரும். சங்கிலியில் கட்டிய குவளை எதற்கு என்று ஒரு மாணவன் பரீட்சையில் பிழையாக எழுதியிருந்தால், அவனுக்கு முட்டை போட்டிருப்பேன்.

அதிர்ச்சியில் மனிதன் பழக்கத்தைத்தான் பற்றிப் பிடிக்கிறான். நுரை வழிய வழியப் படியில் நின்று, “இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. முதலில் பாவனையை நிறுத்தவேண்டும். பிறகு முழுதாக இறைத்து, சுவரைத் தேய்த்து...” என்று பிரெஞ்சில் தொடங்கினேன்.

“வாயை மூடுங்கோ” என்றாள் இரினி. “போய் உடுப்பை அடுக்குங்கோ. பின்னேரக் கப்பலிலை ஏறுங்கோ.”

அறையில் சரோஜினி சேலைகளை மடித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்துத் தீவுகளில் ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. இருந்தாலும் அவளுக்கு வேண்டியது கட்டில் அல்ல. பெட்டியை மூடிவிட்டு அதன்மேல் உட்கார்ந்து சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். “செத்தவீடு இல்லாமல் ஒருக்கா வந்தன்” என்றாள். “அதுக்கும் நீங்கள் எள்ளுத் தண்ணி இறைச்சுப்போட்டியள்.”

நான் கீழே இறங்கி வர, பாதிரியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரினி அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தாள். மொன்றியலில் இன்னும் விடியவில்லை. அவள் கத்தக் கத்த, மறுமுனையில் ஓர் இரைச்சல். அழுகிறானோ என்று பயந்தேன். மனோலிஸ் சிரித்துக்கொண்டிருந்தான். மூச்சு வாங்கியபின் என்னைக் கேட்டான்.

“அண்ணை, எனக்கு ஞானஸ்நானம் தந்ததே அந்தத் தண்ணியிலைதான். ஆனா எனக்கு ஒரு அண்டாதான் தந்தவை. உனக்கு முழுக் கேணியுமோ?”

பிறகு பாதிரியாரிடம் கொடுக்கச் சொன்னான். இருவரும் கிரேக்கத்தில் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. பாதிரியாரின் தாடி இரண்டு மூன்று தடவை குலுங்கியது மட்டும் தெரிந்தது.

தீர்ப்பு வந்தது. பெருநாளுக்குப் படகில் தண்ணீர் கொண்டுவரலாம். பெருநாள் முடிந்ததும் கேணியை இறைத்துக் கழுவலாம். ஆனால் ஏதென்சிலிருந்து வருகிறவர்கள் விசயம் தெரியாமல் கொள்கலனோடு வருவார்களே? பலகை எழுதி வைக்கலாம் என்றேன்.

“பலகையை ஆர் வாசிக்கிறது?” என்றாள் இரினி. “நீங்களே நில்லுங்கோ.”

அப்படியாக, அறிவித்தல்களுக்கு ஒப்பமிட்டே காலம் கழித்த நான், நானே ஓர் அறிவித்தலானேன். பெருநாள் முடியும்வரை, அதே வேட்டியோடு, கேணி வாசலில். பாதிரியார் எனக்கு ஒரே ஒரு கிரேக்க வசனம் கற்றுத் தந்தார். “இதற்குள் நான் குளித்துவிட்டேன்” என்று அர்த்தம். வருகிறவர்களிடம் நெஞ்சில் கைவைத்து அதைச் சொல்லவேண்டும்.

ஒருவரும் நம்பவில்லை. நல்ல உத்தியோகத்தன்போல் கண்ணாடி போட்ட மனிதன் அப்படிச் செய்வானா? ஒரு கிழவி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள். அப்போது சரோஜினி வந்தாள். என் அருகில் நின்று, மூக்கைப் பொத்தி முழுகி எழுவதுபோல் நடித்தாள். தலையில் சோப்புத் தேய்த்தாள். அக்குள் வரை தேய்த்தாள். (அவ்வளவு விவரம் தேவையில்லை என்றேன்.) கிழவி அவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வெறுங் கொள்கலனால் என் முதுகில் ஒன்று வைத்தாள். சரோஜினி சிரிக்கத் தொடங்கினாள். நிலத்தில் குந்தி இருந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். அதைக் கேட்டு இரினி கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு மேலே போய், எங்கள் பெட்டியைத் திறந்து சேலைகளைத் திரும்பவும் அலுமாரியில் அடுக்கினாள்.

அதற்குப் பிறகு தண்ணீருக்கு வந்தவர்களைவிட நாடகம் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். பெருநாள் விருந்தில் நீள மேசையில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. நான் தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்ததும் மேசை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

இப்போது ஒவ்வோர் ஓகஸ்டும் சரோஜினிக்கு அங்கே அறை உண்டு. என்னையும் கூட்டிவரலாமாம். கேணிக்கு ஒரு பூட்டும், சுட்ட ஓட்டில் செய்த அழகான பலகையும் வந்துவிட்டன. பலகையில் எழுத்து இல்லை. வேட்டி கட்டிய உருவம் ஒன்று தலையில் தண்ணீர் வார்க்கிறது. குறுக்கே சிவப்புக் கோடு.

போன வருடம் அபிராமி அந்த ஊரில் தங்குமிடம், சாப்பாடு பற்றிப் பயணிகள் எழுதியதைத் தேடி எடுத்து, வீட்டில் எல்லோரும் இருக்கச் சத்தமாக வாசித்தாள். இரினியின் அறைக்கும் கீரைக்கும் ஏகப்பட்ட புகழ். ஒரே ஒரு குறை: இவ்வளவு நல்ல ஊரில், பாவாடை கட்டிய பெண்களைத் தண்ணீருக்கு அருகே விடாத பிற்போக்குத்தனம் வருத்தம் தருகிறதாம்.

சரோஜினி உடனே தொலைபேசியை எடுத்தாள். “இரினி, அதுக்கு ஒரு மீசை கீறிவிடும். செய்தது இவர், பழி எங்களுக்கோ?”

கீறிவிட்டார்கள். படமும் அனுப்பினார்கள். அது அபிராமியின் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. என் கடவுச்சீட்டில் உள்ள படத்தைவிட அதுதான் என்னைப்போல் இருக்கிறது என்கிறார்கள், மருமகன் உட்பட.