பெட்டிக்குள் பதில் சொன்னவன்

மேற்கு மாம்பலம்,
11-7-1999

பூனாவில் இருக்கும் அத்திம்பேருக்குச் சங்கரன் அநேக நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் சௌக்கியமாக இல்லை. காரணம் உங்கள் பிள்ளை ஷ்ரவண்.

அடையாறில் ரூம் எடுத்துக் கம்ப்யூட்டர் படிக்கும் அவன், ஞாயிறானால் நம் ஆத்துக்குச் சாப்பிட வருவது உங்களுக்குத் தெரியும். என் பெண் சாருலதாவுக்கு நான் வரன் தேடி அலைவதைப் பார்த்துவிட்டு, "ஜோசியர் வாசல்ல ஏன் காத்துண்டு நிக்கறேள் மாமா? பொருத்தம் பாக்க இன்டர்நெட்ல ஒரு பக்கம் பண்ணியிருக்கேன். ரெண்டு பேர் நட்சத்திரத்தையும் கட்டத்துல போட்டு பட்டனை அமுக்குங்கோ. பத்துக்கு எத்தனை பொருத்தம்னு கீழ்க் கட்டத்துல தானா வந்துடும்" என்றான். நானும் நம்பி, நேற்று ஸ்டேஷன் பக்கத்தில் ஹபீபுர் ரஹ்மான் என்பவர் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். சாருவுக்கு ரோகிணி, பெங்களூர்ப் பையனுக்கு ஹஸ்தம் என்று இங்கிலீஷ் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டி, பட்டனையும் அமுக்கினேன். கீழ்க் கட்டத்தில் எண் வரவில்லை. மூன்றே எழுத்து வந்தது: என், ஏ, என். ரஹ்மான் எட்டிப் பார்த்து, "நான்னு வந்துகீது சார்" என்றார். "நான்னா யாரு?" என்றேன். "எனக்கு இன்னா சார் தெரியும்? எழுதுனவரத்தான் கேக்கணும்" என்றார்.

சரி, இந்த இடம் வேண்டாம் என்று நாக்பூர் வரனைப் போட்டேன். நான். திருச்சி பேங்க் வரனைப் போட்டேன். மறுபடியும் நான்! எவனைப் போட்டாலும் 'நான், நான்' என்று நடுவில் வந்து நிற்பவன் யார் என்று அப்போதுதான் உறைத்தது, அத்திம்பேர். என் மனைவி காமாக்ஷியிடம் சொன்னேன். "பாவம், குழந்தைக்கு வாயால சொல்லத் தெரியலை. சாரு பரிமாறினா மட்டும் மூணாந்தரம் ரசம் கேக்கறச்சயே நெனச்சேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ கோபம். முறைப் பிள்ளைதான்; ஆனால் பெண் கேட்கப் பெரியவர்கள் வர வேண்டாமா? கம்ப்யூட்டர்ப் பெட்டியை விட்டா கேட்பது? என் கூடப்பிறந்த நீரஜா அக்காவாவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று காத்திருந்தோம். நாங்களாகக் கேட்டு நீங்கள் மறுத்துவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு உங்கள் ஆத்துப் படியேறுவது என்று பயந்துதான் ஊர் ஊராக ஜாதகம் அனுப்பினேன். இப்போது பிள்ளையே வெளிப்படையாகச் சொல்லிவிட்டான். எங்களுக்குச் சம்மதம். ஆவணியில் முகூர்த்தம் பார்க்கலாமா?

அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசியையும் நாலு வரி பதிலையும் எதிர்பார்க்கும்,
சங்கரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் ஷ்ரவண் வந்தான். கடிதத்தைப் படித்து வெளிறிப்போனான். "ஐயோ மாமா, அது நான் இல்லை! நட்சத்திரத்தோட வரிசை நம்பரைப் போடணும். நீங்க பேரை அடிச்சிருக்கேள். என்-ஏ-என்னா 'நாட் எ நம்பர்'. 'இது எண்ணே இல்லை'ன்னு மிஷின் சொல்றது, அவ்வளவுதான்" என்றான். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் தவறு, மன்னிக்கவும். தலைகுனிந்து கடிதத்தைக் கிழிக்கப் போனேன். சாரு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிழிக்காதேப்பா. நடந்ததை அடியில எழுதி, போஸ்ட் பண்ணிடு" என்றாள். எழுதிவிட்டேன். ஷ்ரவண் எதிரே உட்கார்ந்து கவருக்கு ஸ்டாம்பு ஒட்டுகிறான். பார்வை முழுக்கச் சாரு மேல்; ஸ்டாம்பு கோணலாகத்தான் இருக்கும்.