நிரூபிக்கப்படாத டனிஸ்ரன்

சர்ச்சைக்குரியவர் என்றொரு மனித இனம் இருக்கிறது. இவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருக்கக்கூடும் என்று நாலு பேர் சந்தேகிப்பதில் உயிர் வாழ்பவர். சந்தேகத்தை இவர் மறுப்பார். மறுக்கும் விதம்தான் விசேஷம். "சேச்சே, அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்லிவிட்டு ஒரு பக்க உதட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் யார் நம்புவார்கள்? நம்பக்கூடாது என்றுதானே சிரிக்கிறார்!

நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால் மொன்றியலுக்கு வாருங்கள், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் குடியிருக்கும் டனிஸ்ரனைக் காட்டுகிறேன். தொழில், போக்கர். முழுநேரச் சீட்டாட்டக்காரர். இணையத்தில் நேரடியாகக் காட்டிய ஒரு பெரிய போட்டியில், ஏழும் இரண்டும் என்ற, போக்கரில் அதைவிட மோசமான கை இல்லை என்று சொல்லப்படுகிற இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு, தன் முன்னாலிருந்த காசு முழுவதையும் நடுவே தள்ளினார்; எதிரே இருந்தவர் இரண்டு ராசாக்களைக் கையில் வைத்துக்கொண்டே பயந்து தாளை மூடிவிட்டார். அந்த எதிராளியின் முதுகுக்குப் பின்னால் இருந்த டனிஸ்ரனின் மச்சான் றஜிந்தன், அந்த நேரம் பார்த்து மூன்று முறை தும்மியிருந்தான். தும்மலா, சைகையா? விசாரணை வைத்தார்கள். நிரூபிக்கப்படவில்லை என்று முடித்தார்கள்.

அன்றிலிருந்து "நிரூபிக்கப்படவில்லை" என்பது அவருக்குப் பட்டம். கல்யாண வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்பவர்களிடம் தானே பேச்சை எடுப்பார்: "என்னைப்பற்றிக் கனக்கக் கதைப்பாங்கள், நம்பாதேங்கோ." நீங்கள் ஒன்றும் கேள்விப்படவில்லையென்றால், நம்பக்கூடாதது எது என்று விளக்கமாகச் சொல்லித் தருவார். கறுப்புக் கண்ணாடியைப் பூசையிலும் கழற்றுவதில்லை, மெட்ரோவிலும் இல்லை, புரோசார்ட் மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் தெரிவு செய்யும்போதும் இல்லை. பாதிச் சனம் அவரை மூளைசாலி என்றது, பாதிச் சனம் கள்ளன் என்றது, இரண்டு பாதியும் அவரோடு படம் எடுத்துக்கொண்டது. ஒரு மனிதனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

லக்சனா வேண்டியிருந்தது. லக்சனாவின் அப்பா ஹென்றி, டோர்வல் விமான நிலையத்தில் இருபது வருடமாகப் பெட்டி ஏற்றுகிறவர்.

"என்ன வேலை செய்யிறீர், தம்பி?"

"தாள் விளையாடுறன், அங்கிள்."

"அது லீவிலை. வேலை என்ன?"

விளங்கப்படுத்த முக்கால் மணி நேரம் பிடித்தது. கடைசியில் ஹென்றி சொன்னார்: "சனம் உம்மைக் கள்ளன் எண்டுது. கள்ளனுக்குப் பிள்ளையைக் குடுக்க ஏலாது. ஞாயிறு பூசை முடிய மண்டபத்துக்கு வாரும். முன்னூற்றிநாலு விளையாடுவம். ஆளை அதிலை தெரிஞ்சிடும்."

முன்னூற்றிநாலு என்பது, யாழ்ப்பாணத்தார் எந்த நாட்டுக்குப் போனாலும், பாஸ்போர்ட்டைத் தொலைத்தாலும் தொலைக்காத சீட்டாட்டம். எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு கட்சி. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டபின் எடுத்தே ஆகவேண்டும். கூட்டாளிக்குச் சைகை காட்டக்கூடாது என்பது சட்டம். காட்டத் தெரியாதவனைச் சேர்ப்பதில்லை என்பது வழக்கம்.

ஹென்றி டனிஸ்ரனைத் தன் கூட்டாளியாக்கினார். எதிர்க்கட்சி, ஹென்றியின் மனைவி திரேசம்மாவும் அவர் தங்கை அக்னெசும். டனிஸ்ரன் வெறுங்கையை வைத்துக்கொண்டு இருநூற்றைம்பது கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துத் திரேசம்மாவை ஒரு பார்வை பார்த்தார். போக்கரில் இந்தப் பார்வைக்குப் பெரிய பெரிய ஆட்களே தாளை மூடிவிட்டு ஓடியிருக்கிறார்களாம். முன்னூற்றிநாலில் ஓட இடமில்லை. திரேசம்மா கட்லட்டைக் கடித்தபடி, "சரி தம்பி, எடும் பாப்பம்" என்றார்.

எதை எடுப்பது? பெரிய தாள் தன்னிடம் இருக்கிறது என்று ஹென்றி காதைச் சொறிந்தார். டனிஸ்ரன் கவனிக்கவில்லை. ஹென்றி இருமினார், மூக்கை உறிஞ்சினார், கடைசியில் மூன்று தரம் சிலுவையும் போட்டார்.

"அங்கிள், சுகமில்லையோ? தண்ணி கொண்டுவரட்டோ?" என்றார் டனிஸ்ரன்.

தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றார்கள். தோற்ற கட்சியின் காதுகளில் உடுப்புக் காயப்போடும் கிளிப்பை மாட்டுவது அந்த மண்டபத்து முறை. அக்காவின் புருஷனுக்கும் சேர்த்து அக்னெஸ் ஆசை ஆசையாக மாட்டினார். ஹென்றி எழுந்தார். கிளிப்புகள் ஆட ஆட மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் கேளுங்கோ! இந்தப் பெடியன் கள்ளன் இல்லை! முகத்துக்கு முன்னாலை இருந்து சைகை காட்டினன், ஒண்டும் விளங்கேல்லை. இவனாலை களவு செய்யவே ஏலாது!"

மண்டபம் கைதட்டியது. டனிஸ்ரனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஐயோ அங்கிள், நிரூபிக்கப்படேல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோவன், காணும்" என்று மேடைக்குக் கீழே நின்று கெஞ்சினார்.

அப்போதுதான் லக்சனா கேட்டாள்: "களவும் இல்லை, முகம் பாக்கவும் தெரியாது. அப்ப ஏழையும் ரெண்டையும் வச்சுக்கொண்டு எப்பிடி வெண்டனீங்கள்? மைக்கிலை உண்மையைச் சொன்னா கலியாணம். இல்லாட்டி இல்லை."

ஐந்து வருடத்துப் புகழ் ஒரு பக்கம், லக்சனா ஒரு பக்கம். ஓரமாக நின்ற நானே கட்லட்டைக் கீழே வைத்துவிட்டேன். டனிஸ்ரன் மேடை ஏறினார். கண்ணாடியைக் கழற்றினார். அதற்குப் பின்னால் இவ்வளவு பயந்த கண்கள் இருந்தது யாருக்குத் தெரியும்?

"ரெண்டை ஏழெண்டு நினைச்சிட்டன்," என்றார். "கண்ணாடி சரியான கறுப்பு. சோடி ஏழு எண்டு நம்பித்தான் காசைத் தள்ளினனான். வெண்டாப் பிறகு தாளைத் திருப்பேக்கைதான் எனக்கே தெரியும்."

"அப்ப றஜிந்தன் தும்மினது?" என்றார் அக்னெஸ்.

"தடிமன்."

ஓகஸ்டில் கல்யாணம். லக்சனாவுக்குச் சந்தோஷம், டனிஸ்ரனுக்கும் சந்தோஷம்தான், ஆனால் இப்போது யாரும் அவரோடு படம் எடுக்க வருவதில்லை என்று என்னிடம் இரண்டு தடவை குறைப்பட்டுக்கொண்டார்.

நன்றாகச் சிரித்தீர்களா? சிரியுங்கள். எப்படியோ வாய்த்ததை ஊர் இன்றைக்கும் உங்கள் உபாயம் என்று நம்புகிறதே, அந்த ஒரு காரியத்தை மட்டும் நினைத்துக்கொண்டு சிரியுங்கள்: சரியான வருடத்தில் வீடு வாங்கியதோ, முதலாளியை மடக்கியதோ, எதுவாகவும் இருக்கட்டும். "எப்படிச் சாதித்தீர்கள்?" என்று கேட்கிறவர்களிடம் இதுவரை நீங்கள் என்ன சொல்லியிருக்கிறீர்கள்? ஒன்றும் சொல்லவில்லை, மெல்லத் தலையைத்தான் ஆட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கும் டனிஸ்ரனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்களிடம் இன்னும் ஒரு லக்சனா கேட்கவில்லை, அவ்வளவுதான்.