லெப்டொப் ஆகிவிட்ட டெப்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், படகுகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் அலுவலகம் ஒன்றின் கணினி காலமானது. அலுவலகம் முறைப்படி துக்கம் அனுட்டித்தது. அதாவது, வேலையை நிறுத்தியது.

கிண்ணியா மீனவர் ஸுஹைருக்கு அந்தத் துக்கத்தில் பங்கில்லை. பத்திரம் இல்லாமல் அவருடைய படகு கடலில் இறங்க ஏலாது. சூடை மீன் குடாவுக்குள் வந்து வந்து போக, படகு மணலில் வெயில் காய்ந்தது.

"புதுசு எப்ப வரும், மிஸ்?"

"தெரிவுக்குழு கூடியிருக்கு, ஸுஹைர் நானா," என்றாள் எழுதுவினைஞர் சீலா. "லெப்டொப்பா, விரலால தட்டுற டெப்பா எண்டு முடிவெடுக்கோணும்."

"எதில எண்டாலும் என்ட பேரை அடிக்கலாம்தானே?"

"அதைக் குழுவில ஒருத்தரும் கேக்கேல்லை."

பொறுப்பதிகாரி பாக்கியரத்தினம் டெப்பின் பக்கம். கொழும்புக் கூட்டத்தில் எல்லாரும் விரலால் டெப்பைத் தள்ளிக்கொண்டிருக்க, தான் மட்டும் கொப்பியோடு இருந்தது அவருக்கு ஆறாத அவமானம். ஆகவே டெப் வந்தது. ஆனால் மேலிடம் அனுப்பிய சுற்றுநிருபத்தின்படி டெப் வெளிக்களக் கடமைக்கு மட்டுமே உரியது. சட்டத்தை மதிப்பவர் பொறுப்பதிகாரி. சீலாவின் மேசை கதிரையைத் தூக்கி வெளியே வேப்பமரத்தின் கீழ் போடுவித்தார்.

கண்ணாடியைத் தட்டித் தமிழ் அடிக்க அவளுக்குச் சரிவரவில்லை. மடித்து மூடுகிற கீபோட் ஒன்றை வாங்கிப் பொருத்தினார்கள். மறுநாளே கணக்காய்வாளர் வந்தார்.

"இது மடியுதே?"

"ஓம் சேர்."

"கீபோட்டும் இருக்கே?"

"ஓம் சேர்."

"அப்ப இது லெப்டொப். எழுதுவினைஞருக்கு லெப்டொப் பாவிக்க உரித்தில்லை."

டெப் பொறுப்பதிகாரியின் அலுமாரிக்குள் பத்திரமாகப் போனது. மேசை மரத்தடியிலேயே நின்றது. அதை உள்ளே கொண்டுவரச் சுற்றுநிருபம் இல்லை.

ஸுஹைருக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ட பிள்ளைகள் என்ன, டெப்பையா தின்னுற?" என்று கத்தினார். சீலாவுக்கே மனம் பொறுக்கவில்லை. பேனையை எடுத்து அனுமதிப்பத்திரத்தைக் கையாலேயே எழுதி, பொறுப்பதிகாரியிடம் ஒப்பம் வாங்கி, முத்திரை குத்தி நீட்டினாள். சட்டப்படி அது செல்லும். இத்தனை நாளும் அது யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஸுஹைர் பத்திரத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற மற்றப் படகுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"கோவிக்காதீங்க, மிஸ்," என்றார். "இந்தக் காலத்தில கையால எழுதினதைக் கொண்டுபோனா ஊரில சிரிப்பாங்க. கம்பியூட்டரில அடிச்சதே தாங்க. நான் காத்திருந்து எடுக்கிறன்."

தங்களுக்கும் அப்படியே வேண்டும் என்று வரிசை முழுவதும் சொன்னது. அன்றே கம்பியூட்டர் கேட்டு எல்லாரும் ஒப்பமிட்டு மகஜர் ஒன்று கொடுத்தார்கள். மகஜரைக் கையால்தான் எழுதியிருந்தார்கள்.