இருபத்துநாலு ஆரக்கால்

"ராட்டையா? ராட்டை போன மாசமே போயிடுத்து, பாய்!"

டிராயிங் மாஸ்டர் ஸ்ரீனிவாசராகவன் கொடியை மேசையில் விரித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பாண்டி பஜார் தையற்காரர் ஷரீஃபுக்கு முகம் வாடிவிட்டது. பதினாறு வருஷமாக ஊர்வலங்களுக்கு ராட்டைக் கொடி தைத்த கை. பழக்கதோஷத்தில் அது பாட்டுக்குத் தைத்துவிட்டது.

"சார், ராட்டை இல்லாங்காட்டி பின்ன இன்னா?"

"அசோகச் சக்கரம். நீலத்துல, இருபத்துநாலு ஆரக்கால். ஒண்ணு கூடப்படாது, குறையப்படாது. நாளைக்குக் காலம்பர எட்டு மணிக்குத் தெருவுல கொடி ஏத்தறோம். சாயங்காலத்துக்குள்ள முடியலேன்னா சொல்லிடும். மயிலாப்பூர்ல ஒருத்தன் ரெடியா வெச்சிண்டிருக்கான்."

மயிலாப்பூர் என்றதும் ஷரீஃபுக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து வெள்ளைக்காரன் கொடியையே அண்ணாந்து பார்த்தவர். சொந்த நாட்டுக் கொடி முதல்முதலாக ஏறும்போது அது தன் கையால் தைத்ததாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை என்ன, வெறி.

"நம்ம கொடிதான் ஏறும். நீங்க நிம்மதியா போங்க சார்."

மாஸ்டர் படியிறங்கியதும் ராட்டையைப் பிரித்தார். அவசரத்தில் கத்தரி வெள்ளைத் துணியையும் சேர்த்துக் கிழித்தது. கடையில் வேறு கதர் இல்லை. நாலு நாளில் வரப்போகும் ரம்ஜானுக்குத் தனக்கென்று வைத்திருந்த ஜிப்பாத் துணியை எடுத்தார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. மனைவி அமீனா பீ எட்டிப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் புதுசு தெச்சிக் குடுத்துட்டு, நீங்க பழச மாட்டிக்கினு தொழுவப் போறீங்களா?"

"கொடி புதுசா இருந்தா போதும், போ."

வெள்ளைப் பட்டையை மாற்றியாயிற்று. மீதித் துணியில் வட்டமாக ஒரு துண்டு நறுக்கி, இருபத்துநாலு பங்காக மடித்துப் பிரித்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் நீல நூல் ஓட்டினால் சக்கரம். ஆனால் ஷரீஃபுக்கு எதையும் பங்கு போடத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: இரண்டாக மடிப்பது. மடித்தார், மடித்தார், எண்ணிப் பார்த்தார். பதினாறு. இன்னொரு தடவை மடித்தார். முப்பத்திரண்டு.

"அமீனா! பதினாறு கீது, முப்பத்திரண்டு கீது. நடுவுல இருபத்துநாலு எங்க போச்சு?"

"என்னைக் கேட்டா? நானா ஒளிச்சி வெச்சிக்கினு கீறேன்?"

பதினாறுக்கு நடுவே எட்டைக் கண்ணளவில் நுழைத்தார். ஒரு பக்கம் நெருக்கியடித்தது, மறு பக்கம் காலியாகக் கிடந்தது. இன்னொரு வட்டம் நறுக்கி, முப்பத்திரண்டு தைத்து எட்டைப் பிரித்தார். சக்கரம் பல் போன சீப்பாகிவிட்டது. இனி ஒரு வட்டத்துக்குத்தான் துணி. நோன்பு வேறு, நாக்கு வறண்டது. மயிலாப்பூர்க்காரன் கொடி ஏறுவது கண்ணெதிரே தெரிந்தது.

அமீனா பீ மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"பாதியா மடிங்க. அந்தப் பாதிய மூணா மடிங்க, நான் சமோசாக்கு மடிக்கிற மாதிரி. அப்பால ரெண்டு தபா பாதி பண்ணுங்க."

மடித்தார். பிரித்தார். எண்ணினார். இருபத்துநாலு!

ஷரீஃபுக்குச் சந்தோஷத்தில் தாகம்கூட மறந்துவிட்டது. நீல நூலில் சக்கரத்தை முடித்து, ஜிப்பாவுக்குப் பை வைப்பதுபோல் கொடியின் நடுவில் பொருத்தி, வெள்ளை நூலால் ஓரம் தைத்தார். மறுபக்கம் திருப்பினால் வெள்ளை வெளேரென்று இருந்தது, தையல் போட்ட சுவடே இல்லை. அப்படி ஒரு சுத்தமான வேலை.

சாயங்காலம் மாஸ்டர் பென்சில் முனையால் இரண்டு தடவை எண்ணினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பாய், ஜெயிச்சுட்டீர்!"

மறுநாள் காலை தெருவே கம்பத்தைச் சுற்றித் திரண்டிருந்தது. மாஸ்டர் ஷரீஃபின் கையைப் பிடித்து இழுத்துப் போய் முன்வரிசையில் நிறுத்தினார். கயிற்றை இழுத்ததும் பூக்கள் உதிர்ந்தன. காற்றில் கொடி படபடவென்று விரிந்தது. அவர்கள் கண்ணெதிரே நீலச் சக்கரம் ஜம்மென்று நின்றது.

"இருபத்துநாலு!" என்று மாஸ்டர் கூவினார். கைதட்டல் எழுந்தது. ஷரீஃபுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஜிப்பா போனால் போகிறது, இந்த ஜன்மத்துக்கு இது போதும் என்று நினைத்தார்.

கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டம் மட்டும் ஏனோ கைதட்டவில்லை. அங்கிருந்து பூக்காரி தங்கபுஷ்பத்தின் குரல் கணீரென்று வந்தது:

"பாய்! எங்க பக்கத்துச் சக்கரத்த எப்போ தெச்சிக் குடுப்பே?"